பேராதனைப் பாலத்தில் எதை எண்ணினார்கள்?

வேலைநாள் காலையில் கண்டிக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் பேராதனையில் ஒன்று சேர்கிறார்கள். கடுகண்ணாவை, பிலிமத்தலாவைப் பக்கமிருந்து கொழும்பு வீதி வருகிறது. கம்பளை, கெலிஓயாப் பக்கமிருந்து ஏ5 வீதி வருகிறது. இரண்டும் மகாவலிப் பாலத்தருகே கூடுகின்றன. பாலத்தைத் தாண்டித் தாவரப் பூங்காவின் வாசலைக் கடந்தால், தெல்தோட்டை, கலஹாவிலிருந்து பல்கலைக்கழகத்தின் ஊடாக வரும் வீதியும் சேர்ந்துகொள்கிறது. பிறகு கெட்டம்பே, பிறகு நகரம். கண்டியை மூன்று பக்கம் மகாவலி சுற்றி ஓடுகிறது. மிஞ்சிய பக்கத்தை ஹந்தானை அடைத்து நிற்கிறது. ஆகவே பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புர என்று ஒரு சில வாசல்கள்தான் நகரத்துக்கு உண்டு, அவற்றில் பெரியது இது. இங்கே நெரிசலைக் குறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எது குறைந்தால் நெரிசல் குறைந்ததாகக் கொள்வது என்று கேட்டால், வாகனம் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பதே அளவு என்ற பதில் உடனே வந்துவிடும். அந்தப் பதிலை ஓர் இயற்கை விதி போல எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த வீதியின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு காலத்திலும் அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டுமே இந்த வாசலில் எண்ணியிருக்கிறார்கள் என்பது தெரியும். வாகன வேகம் அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த கணக்கு. நாள்தோறும் வந்துபோகிறவரின் நேரம் மட்டும் எந்தக் காலத்துப் பதிவேட்டிலும் ஒழுங்காக ஏறவில்லை. நெரிசலுக்கு இலக்கு வைப்பதற்கு முன் திருத்த வேண்டியது இந்தக் குறையைத்தான்.

வீதிக்கு முந்திய கண்டி அரசர் காலத்திலிருந்து தொடங்கலாம். மலைநாட்டுக்குள் அகலமான பாதை இருக்கக் கூடாது என்பது அன்றைய அரச கொள்கை. காடும் கணவாயும்தான் கோட்டை மதில். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த அரசில் சிறைப்பட்டிருந்து தப்பிப்போன றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில், கணவாய்களில் முள் வாயில்கள் இருந்ததையும், காவலர்கள் வருவோர் போவோரை விசாரித்ததையும், களிமண்ணில் பதித்த முத்திரையை அனுமதிச் சீட்டாகக் காட்ட வேண்டியிருந்ததையும் எழுதியிருக்கிறார். அந்த வாசலில் வேகத்துக்குப் பொருளே இல்லை. போகிறவர் யார், போக உரிமை உண்டா என்பதே கேள்வி. பயணி அன்று ஆளாகவே பார்க்கப்பட்டார், சந்தேகத்துக்குரிய ஆளாக என்றாலும்.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனதும் கணக்குத் தலைகீழாக மாறியது. காடு யாருக்கு அரணாக இருந்ததோ அவரை வென்றவருக்கு அதே காடு அச்சம் தந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பு–கண்டி வீதியை வெட்டுவித்ததற்கு முதற் காரணம் படை நகர்த்துவது. கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து வழி எடுத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரப் பாலம் எழுந்தது. நடுவில் தூணே இல்லாமல் 205 அடி நீளத்தை ஒரே வளைவாகத் தாவிய அந்தப் பாலம் 1905இல் மாற்றப்படும் வரை நின்றது. படைக்கும் தபாலுக்கும் அடுத்தபடியாகக் கோப்பி வந்தது. தோட்டக்காரர்கள் கண்டியில் 1854இல் சங்கம் அமைத்தபோது அவர்களுடைய பெரிய குறை போக்குவரத்துத்தான். மாட்டு வண்டியில் கோப்பி மூட்டை கொழும்புக்குப் போய்ச் சேர எத்தனை நாள், மூட்டைக்கு எவ்வளவு கூலி, மழையில் எவ்வளவு வீணானது என்றெல்லாம் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கின் பலனாக 1867இல் புகையிரதம் பேராதனை வழியாகக் கண்டியைத் தொட்டது. 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் பாதை நீண்டது. தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களோ மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். ஒரு மூட்டைக் கோப்பி துறைமுகம் சேர ஆகும் நாளைக் கணக்கிட்ட அதே ஆட்சியில், அதைப் பறிக்க வந்த ஆள் தோட்டம் சேர ஆன நாளைக் குறைப்பதற்கு யாரும் இலக்கு வைக்கவில்லை.

மக்களின் நேரத்தை அரசு அளக்கவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. எடுத்துக்கொள்வதற்காக அளந்தது. 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் மூன்று ஷிலிங் கட்ட வேண்டும் என்றது. தொடக்கத்தில் பிக்குகளுக்குக்கூட விலக்கு இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே கிடைத்தது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் விதித்த வரிகளோடு இந்த ஆறு நாளும் சேர்ந்துதான் அந்த ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சிக்கு வழிவைத்தது. இன்றைய கணக்கை அதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். பேராதனைக்கும் கண்டிக்கும் இடையே ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர். நெரிசலால் போகும்போது கால் மணி, திரும்பும்போது கால் மணி மட்டுமே கூடுதலாகப் போகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 240 வேலை நாளில் அது 120 மணி. எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகப் பிரித்தால் பதினைந்து நாள். ஆறு நாள் கேட்ட சட்டம் அச்சிட்ட தாளில் இருந்தது. அதை வாசித்து எதிர்க்க முடிந்தது, கேட்டவர் ஆளுநர் டொரிங்டன் என்று பெயர் சொல்ல முடிந்தது. இந்தப் பதினைந்து நாளை யார் எடுத்துக்கொள்கிறார் என்பதற்குத் தாளும் இல்லை, பெயரும் இல்லை. டொரிங்டன் என்ற பெயரைத் தாங்கிய பஸ் நிலையம் ஒன்றிலேயே கண்டி மக்கள் மாலையில் காத்து நிற்கிறார்கள் என்பது என்னை வருத்துகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் குறை சரியாகியிருக்கக்கூடிய வாய்ப்பு இரண்டு முறை வந்தது. முதலாவது, பல்கலைக்கழகம். 1940களில் நகரத் திட்ட வல்லுநர் அபர்குறொம்பி வகுத்த திட்டப்படி இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனையைத் தன் இருப்பிடமாக்கியபோது, துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் முன்னின்று எழுப்பியது விடுதிப் பல்கலைக்கழகம். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, ஹில்டா ஒபேசேகர என்று பெயரிட்ட மண்டபங்களில் மாணவர் தங்கினார்கள். விரிவுரைக்கு நடந்து போனார்கள். நாள்தோறும் பஸ்ஸேறி வருவது என்ற தேவையையே அந்தத் திட்டம் இல்லாமற் செய்தது. ஒருவர் எவ்வளவு விரைவாக வருகிறார் என்று கேட்பதற்கு முன்னால், அவர் வந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்ட திட்டம் அது. போக்குவரத்தைக் குறைப்பதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. மாணவர் தொகை பெருகி, பலர் வெளியில் அறை எடுத்தும் வீட்டிலிருந்தும் வரத் தொடங்கியபோது அந்தச் சிந்தனை தேய்ந்தது.

இரண்டாவது வாய்ப்பு பஸ். 1942இல் வந்த உரிமச் சட்டத்துக்குப் பின் வழித்தடங்கள் தனியார் கம்பனிகளின் ஏகபோகமாக இருந்தன. அவற்றின் சேவையை இரத்தினம் 1948இலும், சன்சோனி 1954இலும், ஜயரத்ன பெரேரா 1956இலும் ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் முழுவதும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தது. சபையின் குறைகளைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் நடத்துநர் டிக்கெட் கிழித்தார், அதன் இலக்கத்தைத் தாளில் எழுதினார், தாள் டிப்போவுக்குப் போனது. எந்த வழியில், எந்தப் பயணத்தில், எத்தனை பேர் ஏறினார்கள் என்பது தேடினால் கிடைக்கும் செய்தியாக இருந்தது. 1979 முதல் தனியார் பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின. வண்டிகள் பெருகின, அது நன்மைதான். ஆனால் அன்றைய வசூலில் உரிமையாளருக்கு இவ்வளவு என்று பேசிவைத்து ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பது சடங்காகிப் போயிற்று, ஆள் கணக்கும் அத்தோடு போயிற்று. நிலையத்தில் நேரக்காப்பாளர் பஸ் புறப்படும் நேரத்தைக் குறிக்கிறார். அது அடுத்த பஸ்ஸோடு சண்டை வராமல் இருப்பதற்காக. கெட்டம்பேயில் கால் வைக்க இடமில்லாத மூன்றாவது பஸ்ஸையும் விட்டுவிட்டு நிற்கும் ஆளை எந்தக் கொப்பியும் அறியாது.

வெறுமையாகக் கிடந்த இந்த இடத்தில்தான் கார்க் கணக்கு வந்து அமர்ந்தது. அது அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிறந்தது. அங்கே 1950இல் வந்த நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு, ஒரு வீதி மணிக்கு எத்தனை வாகனம் தாங்கும் என்று கணித்தது. 1965இல் வந்த இரண்டாம் பதிப்பு, வீதியின் சேவைத் தரத்தை ஆறு படியாகப் பிரித்தது. ஓட்டுநர் தடையின்றி ஓட்டினால் முதற்படி, வாகனங்கள் முட்டி நின்றால் கடைசிப் படி. கலப்பு வாகனங்களைச் சேர்த்து எண்ண, காரை ஓர் அலகாக வைத்தார்கள். பஸ் பெரியது, மெல்லப் போவது, ஆகவே அது இரண்டு மூன்று அலகு. உலகம் முழுவதும் பொறியியலாளர் கற்ற பாடம் இதுதான், நம் நாட்டிலும் இதுதான். வீதியை வடிவமைக்க இது நல்ல கருவி, அதில் ஐயமில்லை. பாலத்தின் அகலத்தையும் சந்தியின் அகலத்தையும் தீர்மானிக்க இது வேண்டும். ஆனால் இலக்காக மாறும்போது இதன் உள்ளே இருக்கும் தீர்ப்பு வெளியே வருகிறது. ஐம்பது பேர் அமர்ந்தும் முப்பது பேர் நின்றும் வரும் பஸ் மூன்று அலகு நெரிசல். ஒருவரோ இருவரோ இருக்கும் மூன்று கார்களும் அதே மூன்று அலகு நெரிசல். எண்பது பேருக்கும் ஐந்து பேருக்கும் இந்தத் தராசில் ஒரே எடை.

இதன் பிழையை நிறுவ வேறு நாட்டு ஆய்வு தேவையில்லை. 2022 ஜூன் கடைசியில் எரிபொருள் தீர்ந்து, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அரசு அறிவித்தது. நகரப் பாடசாலைகள் மூடின, அரச ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த வாரங்களில் எரிபொருள் வரிசைகளைத் தவிர வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. வாகனச் செறிவையும் வேகத்தையும் வைத்து நெரிசலை அளந்தால், இலங்கையின் நகரங்கள் பல ஆண்டுகளாகக் கேட்ட இலக்கை அந்த ஜூலையில் எட்டிவிட்டன. அதே ஜூலையில் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. தாதி வேலைக்கு வர முடியவில்லை. ஓடிய சில பஸ்களிலும் புகையிரதங்களிலும் மிதிபலகையில் தொங்கினார்கள், பலர் மைல் கணக்கில் நடந்தார்கள். ஒரு நகரத்தின் மிக மோசமான போக்குவரத்து நாளை மிகச் சிறந்த நாளாகக் காட்டும் அளவுகோலை இலக்காக வைக்க முடியாது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. பஸ்ஸும் அதே வீதியில்தான் போகிறது. வீதி வேகமானால் பஸ்ஸில் இருப்பவரும் சீக்கிரம் போவார். ஆகவே வாகன வேகத்தை எல்லோருக்கும் பொதுவான அளவாகக் கொள்ளலாமே என்பார்கள். பாதி உண்மை. பஸ்ஸில் வருபவரின் நேரம் பஸ் ஓடும் நேரத்தோடு முடிவதில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வீதிக்கு இறங்கி வரும் நேரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், ஆள் நிரம்பட்டும் என்று வண்டி நிலையத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் நேரம், கண்டியில் ஒரு நிலையத்தில் இறங்கி மற்ற நிலையத்துக்கு நடக்கும் நேரம், இவையெல்லாம் வேகமானியில் விழாது. கெட்டம்பேயில் மேம்பாலம் கட்டி வாகனங்களுக்குச் சில நிமிடம் மிச்சப்படுத்தலாம். தெல்தோட்டையிலிருந்து வரும் ஒரு பெண்ணின் காத்திருப்பு அதனால் ஒரு நிமிடமும் குறையாது. வீதி எளிதானதென்று இன்னும் சிலர் காரை எடுத்தால், அந்த மிச்சமும் கரைந்துவிடும். உச்ச நேர நெரிசல் அகலப்படுத்திய வீதியை மீண்டும் நிரப்பிவிடும் என்று பொருளியலாளர் அன்ரனி டவுன்ஸ் 1962லேயே எழுதினார். தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள வீதி 1998 ஜனவரிக் குண்டுத் தாக்குதலுக்குப் பின் வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதைத் திறந்தால் நெரிசல் தீரும் என்ற வாதம் கண்டியில் அடிக்கடி எழுகிறது. திறந்தால் அந்த வழியே எத்தனை ஆட்கள் கூடுதலாகப் போவார்கள் என்ற எண்ணை வைத்துக்கொண்டு யாரும் வாதிடுவதில்லை. சுற்றிலும் மலை சூழ்ந்த இந்தக் கிண்ணத்தில் புகை வெளியேற வழியின்றித் தங்குவதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொல்லி வந்திருக்கிறார்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு வாகனத்தின் புகையும் வீதியோரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவரின் நுரையீரலுக்கே முதலில் போகிறது.

அடுத்த மறுப்பு இலக்கு என்ற எண்ணத்தின் மீதே வருவது. பிரித்தானியா 2000ஆம் ஆண்டில் ஒரு பத்தாண்டுத் திட்டம் வெளியிட்டு, 2010க்குள் நெரிசலை அன்றைய மட்டத்துக்குக் கீழே கொண்டுவருவதாக உறுதி சொன்னது. 2002 முடிவதற்குள் அது நடக்காது என்று அரசே ஒப்புக்கொண்டது. பணமும் கருவியும் உள்ள நாடு தோற்ற இடத்தில் நாம் ஏன் போய் விழ வேண்டும்? ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. பின்னர் இங்கிலாந்தின் பத்துப் பெரிய நகரப் பகுதிகளுக்கு வைத்த இலக்கு, நகர மையத்துக்குள் வரும் பெரிய வீதிகளில் ஓராளுக்கு ஒரு மைலுக்கு ஆகும் நேரத்தை அளந்தது. நிறைந்த பஸ் ஒன்று விரைந்தால் அதிலிருக்கும் அத்தனை பேரும் கணக்கில் ஏறினார்கள். பயணம் செய்வோர் தொகை கூடும்போது நேரமும் சற்றுக் கூடலாம் என்று வெளிப்படையாகவே இடம் விட்டார்கள். கலிபோர்னியாவும் 2013இல் இயற்றிய சட்டத்தின் வழியே, புதிய கட்டுமானங்களின் போக்குவரத்துப் பாதிப்பை அந்த ஆறு படித் தரத்தால் அளப்பதைக் கைவிட்டு, அவற்றால் எவ்வளவு வாகன ஓட்டம் கூடுகிறது என்று அளக்கும் முறைக்கு மாறியது. அந்த அளவுகோலைத் தந்த நாட்டிலேயே அது ஒரு துறையில் கீழே வைக்கப்பட்டுவிட்டது.

மூன்றாவது மறுப்பு என் வாதத்தையே நேராகத் தொடுவது. போக்குவரத்து ஆய்வாளர் யாக்கோவ் சஹாவி 1970களில் பல நகரங்களை ஒப்பிட்டு, மனிதர் நாளுக்குப் பயணத்துக்குக் கொடுக்கும் சராசரி நேரம் எங்கும் பெரிதாக வேறுபடுவதில்லை என்று காட்டினார். விரைவாகப் போக முடிந்தால் இன்னும் தூரத்தில் குடியேறுவார்கள். நேரம் அப்படியே இருக்கும். அப்படியானால் நேரத்துக்கு இலக்கு வைப்பது வீண்தானே? சராசரிக்கு அது பொருந்தலாம். ஆனால் பேராதனையில் பிரச்சினை சராசரியில் இல்லை. பிலிமத்தலாவையில் கார் வைத்திருப்பவர் தன் வீட்டின் தூரத்தைத் தெரிந்தெடுத்தார். கலஹாவுக்கு மேலே தோட்ட வீட்டில் பிறந்தவர் தெரிந்தெடுக்கவில்லை. நாட்டின் முதல் வணிகத் தேயிலை 1867இல் லூல்கந்துரையில் நடப்பட்ட காலத்திலிருந்து அந்த மலைச்சரிவில் குடியிருப்பு எங்கே என்பதைத் தோட்ட நிர்வாகமே தீர்மானித்தது. அங்கிருந்து கண்டியில் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வருகிறவர்களின் நேரத்தை மற்றவர்களுடைய சராசரியோடு கலந்தால், அது காணாமலே போய்விடும். ஆகவே இலக்கு மிக நீண்ட நேரம் எடுப்பவர்களிலிருந்து தொடங்க வேண்டும். காலை எட்டரைக்குள் கண்டியில் இருக்க அவர்கள் எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது, அந்த நேரம் நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்கலாம். நேரம் நிலையாக இருந்தாலாவது அவர் திட்டமிட முடியும். ஒரு நாள் ஐம்பது நிமிடமும் மறுநாள் ஒன்றரை மணியும் ஆனால், அவர் எப்போதும் ஒன்றரை மணியை ஒதுக்கியே ஆக வேண்டும்.

ஆளை எண்ணுவதற்குச் செலவாகும், வாகனத்தைக் கருவியே எண்ணிவிடும் என்பது மிஞ்சிய மறுப்பு. வீட்டுக்கு வீடு போய்ச் செய்யும் பெரிய கணக்கெடுப்புக்கு உண்மையில் செலவு அதிகம். ஆனால் இந்த நகரத்துக்கு வாசல்கள் சிலவே என்பது இங்கே பெரும் உதவி. பாலத்தடியிலும் கலஹாச் சந்தியிலும் ஆண்டுக்கு நான்கு வாரம், காலை ஆறு முதல் ஒன்பது வரை, கடந்துபோகும் பஸ்ஸில் எத்தனை பேர், காரில் எத்தனை பேர், மோட்டார் சைக்கிளில் எத்தனை பேர் என்று எண்ண ஒரு வகுப்பு மாணவர் போதும். சரசவி உயன நிலையத்தில் புகையிரதத்திலிருந்து இறங்குகிறவரையும் அதே நேரத்தில் எண்ணலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கொழும்பு வீதி (ஏ1) வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் வழி அனுமதி மாகாணத்திடம். போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்ஸும் புகையிரதமும் மத்திய அரசிடம். நகரத் தெருக்கள் மாநகர சபையிடம். வாகன வேகத்துக்கு இலக்கு வைத்தால் வீதிக்காரர் தனியாகவே வேலையை ஏற்று, மேம்பாலம் கட்டி, முடிந்தது என்று அறிக்கை தரலாம். ஆளின் நேரத்துக்கு இலக்கு வைத்தால் இந்த நால்வரும் ஒரே எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். உலக வங்கி உதவியோடு புகையிரத நிலையத்தருகே திட்டமிட்ட பன்முகப் போக்குவரத்து நிலையம் கண்டியின் பஸ் நிலையங்களை ஒன்றாக்கும் என்கிறார்கள். அது திறக்கும் நாளில் அங்கே நேரக்காப்பாளரின் மேசைக்குப் புறப்படும் நேரத்தோடு, பஸ் வந்து சேர்ந்த நேரத்தையும் அதில் வந்தவர் தொகையையும் எழுத இன்னும் இரண்டு நிரல்கள் சேர்த்த கொப்பி ஒன்றைக் கொடுப்பதற்கு எந்த அமைச்சரவைப் பத்திரமும் தேவையில்லை.